கடலை மட்டும் எடுத்தால் போதுமா?

ஆவணப்படம் என்றாலே நம்மில் பலருக்குக் கொட்டாவி வந்துவிடும். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, ஹீரோவும் கிடையாது. ஆனால் இந்த வகைப் படம் தவழ ஆரம்பித்த காலத்திலேயே மீனவர்களை வைத்துத்தான் பேர் வாங்கியது என்றால் நண்பர்கள் நம்புவீர்களா?

'டாக்குமெண்டரி' என்ற சொல்லை 1926இல் ஒரு பட விமர்சனத்தில் எழுதியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிரியர்சன். 1929இல் அவரே எடுத்த 'டிரிஃப்டர்ஸ்', வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போகிறவர்களைப் பற்றியது. 1934இல் ராபர்ட் ஃபிளாஹர்டி என்ற அமெரிக்கர், அயர்லாந்துப் பக்கம் ஆரன் தீவுகளுக்குப் போய் 'மேன் ஆஃப் ஆரன்' எடுத்தார். மலை மாதிரி அலை, நடுவில் சின்னப் படகு, சுறா வேட்டை. பார்க்கிறவனுக்கு மூச்சு நின்றுவிடும். ஆனால் அதில் வரும் அப்பா, அம்மா, மகன் மூவரும் ஒரே குடும்பம் இல்லை. தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்டவர்கள். அந்தச் சுறா வேட்டையையும் தீவுக்காரர்கள் எப்போதோ கைவிட்டிருந்தார்கள். படத்துக்காக மறுபடியும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது! கடல் நன்றாக வந்தது. அந்த மனிதர்கள் ஏன் ஏழைகளாக இருந்தார்கள் என்பது வரவில்லை.

எங்கள் கரையிலும் இன்று வரை அதே கதைதான். புதுக்கோட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மலையும் கோயிலும் முந்திரியும்தான் ஞாபகம் வரும். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று நமக்கும் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை உண்டு. எங்கள் ஊர் பக்கம் கேமரா வருவதென்றால் யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது பிடிபட்டிருக்க வேண்டும். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன விசைப்படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு படகில் ஒருவர். அப்போதெல்லாம் வண்டி வண்டியாக டி.வி.க்காரர்கள் வந்தார்கள். அழுகிற தாய்மாரை எடுத்தார்கள், அலையை எடுத்தார்கள், போய்விட்டார்கள்.

என் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நம்ம ஊரைப் பத்தி ஒரு படம் எடுக்கணும்ப்பா" என்று ஒருநாள் சொன்னேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "படகு நம்பர் தெரியாம எடுங்க தம்பி." காரணம் இருக்கிறது. எல்லை தாண்டினால் அபராதத்தை இலங்கை 2018இல் பல மடங்கு ஏற்றியது. 2024இல் படகு ஓட்டிய சிலருக்குச் சிறைத் தண்டனையே விழுந்தது. படத்தில் தெரியும் ஒரு நம்பர் ஒரு குடும்பத்தையே காட்டிக் கொடுத்துவிடலாம். ஒருவர் "எடுத்துக்கோ" என்று தலையாட்டிவிட்டால் மட்டும் சம்மதம் ஆகிவிடாது. இதனால் என்னென்ன வரலாம் என்று அவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

சரி, எதைத்தான் எடுப்பது? என்னைக் கேட்டால் முதலில் கரையை எடுக்க வேண்டும். மீன்துறையில் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் போகிற படகு மறுநாள் காலைதான் திரும்பும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சம் இருந்தால்தான் முதலாளிக்கும் ஆட்களுக்கும் பங்கு. பாடு இல்லாத நாளில் அப்பா வெறுங்கையோடு வருவார். நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஏலம், கடன் நோட்டு, கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண்கள், இதிலெல்லாம் அலை இல்லை. ஆனால் பிழைப்பு முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். படமெடுக்கிறவர்கள் "அப்ப என்ன இருக்கும்?" என்பார்கள். வட்டிக்கு வாங்குவது அப்போதுதான் நடக்கும்.

கடலுக்குள் எடுப்பதில் தொழில்நுட்பத் தொல்லை தனி. லென்ஸில் உப்புத் திவலை படியும். எஞ்சின் சத்தத்தில் பேச்சு கேட்காது. சட்டைக் காலரில் குத்துகிற சின்ன மைக்குக்குப் பஞ்சு உறை போட்டால் காற்றிரைச்சல் குறையும். எஞ்சின் இரைச்சல் குறையாது. அதனால் பேச்சைக் கரையில் வலை பொத்தும் இடத்தில் பதிவு செய்து, பிறகு கடல் காட்சியோடு சேர்ப்பதே நல்லது.

இனிமேல் சொல்வது எனக்கே கஷ்டமானது. பாக் விரிகுடாவுக்கு அந்தக் கரையில் இருப்பதும் தமிழ் மீனவர்கள்தான். போர்க்காலத்தில் அவர்களுக்குக் கடல் பெரும்பாலும் மூடியே கிடந்தது. 2009இல் போர் முடிந்து வலையைப் போட்டபோது, இங்கிருந்து போன இழுவைப் படகுகள் அதை அறுத்துக்கொண்டு போயின. கடலடியை வாரும் இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடை செய்தது. இதே புகாரை நம் கரையின் நாட்டுப்படகுக்காரர்களும் சொல்கிறார்கள். நெடுந்தீவுப் பக்கத்து மீனவரின் அறுந்த வலையைக் காட்டாத படம் பாதிப் படம்தான்.

அப்பாவிடம் இதையும் கேட்டேன். "அவன் வலை அறுந்தா அவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனா நான் மொதலாளியா? டிரைவர் விடுற பக்கம் படகு போவுது" என்றார். இழுவைப் படகுக்குப் பதில் ஆழ்கடல் படகு தரும் திட்டம் 2017இல் வந்தது. ஒரு படகு 80 லட்சம். 70 சதவீதம் மானியம். மீதி 24 லட்சம், கடனும் கைக்காசுமாக. அதுவும் படகு வைத்திருப்பவருக்குத்தான். பங்குக்குப் போகிறவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒரு படமாவது கேட்க வேண்டாமா?

இப்படி உள்சண்டையை மறைக்காமல் எடுத்த படம் ஒன்று உண்டு. சர்வ்னிக் கவுர் இயக்கி 2023இல் வந்த 'அகெய்ன்ஸ்ட் த டைட்'. மும்பை கோலி மீனவர் இரண்டு பேர், நண்பர்கள். ஒருவர் பழைய முறையில் கரையோரம் பிடிக்கிறார். இன்னொருவர் கடன் வாங்கி ஆழ்கடலுக்குப் போகிறார், எல்.இ.டி. விளக்கு போட்டுப் பிடிக்கலாமா என்று தடுமாறுகிறார். யாரையும் வில்லன் ஆக்காத படம்.

எடுத்தால் மட்டும் ஆயிற்றா? தியேட்டரில் போடத் தணிக்கைச் சான்று வேண்டும். தனுஷ்கோடி மீனவர்களும் அகதிகளும் நடித்த லீனா மணிமேகலையின் 'செங்கடல்' கதைப்படத்துக்கு 2011இல் முதலில் சான்று மறுத்தார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போன பிறகே கிடைத்தது. அந்தத் தீர்ப்பாயத்தையும் 2021இல் கலைத்துவிட்டார்கள். இப்போது மறுத்தால் உயர் நீதிமன்றம்தான்.

ஆனால் தியேட்டருக்கு முன்னால் ஒரு திரையிடல் இருக்கிறது. ஏலக் கொட்டகையில் வேட்டியைக் கட்டி, படத்தில் வருகிறவர்களையே உட்காரவைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். "இது இப்படி இல்லப்பா" என்று அவர்கள் சொல்லும் இடத்தை, வெளியே அனுப்புவதற்கு முன் திருத்திவிட வேண்டும்.