சாளரம் தரும் ஒளி

நுழையும்முன்

ஒரு பொருளின்மீது பட்டுத் திரும்பும் ஒளியே அதன் வடிவத்தை நமக்குக் காட்டுகிறது. அசையாப் பொருள்களைப் படமெடுக்க விரும்புவோர் முதலில் அறியவேண்டியது அவ்வொளியின் இயல்பையே.

மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளை. அதில் பாதியளவு நீர். அருகே ஒரு முட்டை. இவற்றை உச்சிவெயிலில் படமெடுத்தால் ஒருபுறம் கண்கூசும் வெண்மையும் மறுபுறம் கரிய நிழலும் பதிவாகும். மேகம் மூடிய காலையில் சாளரத்தருகே வைத்துப் படமெடுத்தால், முட்டையின் வெண்மை படிப்படியாகச் சாம்பல் நிறமாக மாறுவது புலப்படும். பொருள்கள் மாறவில்லை, ஒளி மாறியது.

ஒளி மென்மையாவது எவ்வாறு?

கதிரவன் மிகப் பெரியது. எனினும், தொலைவின் காரணமாக வானில் அது ஏறத்தாழ அரைப் பாகை அகலமே கொண்டதாகத் தோன்றுகிறது. சிறிதாகத் தோன்றும் மூலத்திலிருந்து வரும் ஒளி கூரிய விளிம்புடைய நிழலை உண்டாக்கும். மேகம் மூடும்போது அதிலுள்ள நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. வானம் முழுவதுமே ஒளிமூலமாகிறது. பல திசைகளிலிருந்து ஒளி வருவதால் நிழலின் விளிம்பு கரைகிறது. இதுவே மென்னொளி.

சாளரமும் இவ்வாறே செயல்படுகிறது. பொருளைச் சாளரத்துக்கு அருகில் வைத்தால் ஒளி மென்மையாகும். விலக்கினால் ஒளி குறைவதோடு நிழலும் கூர்மையடையும். நேரடி வெயில் விழும் சாளரத்தில் மெல்லிய வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் போதும்.

மென்மையும் தட்டையும்

மென்னொளியும் தட்டையொளியும் ஒன்றல்ல. நிழலின் விளிம்பைப் பொறுத்தது மென்மை; ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாடு குறைவது தட்டைத்தன்மை. ஓவியங்களையும் கையெழுத்துப்படிகளையும் ஆவணப்படுத்துவோர் தட்டையொளியையே நாடுவர். ஆனால், எல்லாப் பக்கமும் ஒளி சமமாக விழுந்தால் உருண்டையான பழமும் வட்டத் தகடுபோலத் தோன்றும்.

ஆகவே, ஒளி பக்கவாட்டிலிருந்து வருமாறு பொருளை வைத்தல் வேண்டும். எதிர்ப்புறத்தில் வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் வெளிறும். கருந்துணியைத் தொங்கவிட்டால் நிழல் ஆழமாகும். அறை விளக்குகளை அணைத்துவிட்டால் இருவேறு நிற ஒளிகள் கலவா. ஒளி குறைவாக இருப்பதால் படம் பதிவாகக் கூடுதல் நேரம் தேவைப்படும். அதுவரை படக்கருவி அசையாதிருக்க முக்காலி உதவும்.

தெரியுமா?

பிரான்சு நாட்டின் தாகேர் 1837ஆம் ஆண்டு எடுத்த படமொன்று சுதைச் சிற்பங்களைக் காட்டும் அசையாப் பொருள் படமாகும். அக்காலத்தில் ஒரு படம் பதிவாக நெடுநேரம் தேவைப்பட்டதால், அசையாப் பொருள்களே படமெடுக்க ஏற்றனவாக இருந்தன.

ஒரு சாளரம், பல ஆண்டுகள்

செக் நாட்டு ஒளிப்படக் கலைஞர் யோசெப் சுதெக் (1896–1976) முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது அவர் வாழ்ந்த பிராகு நகரம் செருமானியப் படைகளின் பிடியில் இருந்தது. வெளியே உலவிப் படமெடுப்பது அரிதான அக்காலத்தில் அவர் தம் பணிக்கூடத்தின் சாளரத்தையே நோக்கத் தொடங்கினார். 1940 முதல் 1954 வரை அச்சாளரம் அவர் படங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. பனி படர்ந்த கண்ணாடி, நீர் நிறைந்த குவளை, முட்டை, ரொட்டி ஆகியவை அவருடைய கருப்பொருள்களாயின.

ஒற்றைக் கையும் ஒரு சாளரமும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ஒளி மாறுவதைப் பொறுமையுடன் காத்திருந்து காணும் கண்ணுக்கு, வீட்டிலுள்ள குவளையும் பார்க்கத் தகுந்த பொருளாகிறது.