இன்னும் கொஞ்சம் ரசம்

சென்னையில் வீடற்ற பெண்களுக்கான காப்பகம் ஒன்று. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அங்கே மதியச் சாப்பாடு எங்கள் நான்கு வீடுகளின் பொறுப்பு. ஒரு வீட்டில் சாதம், ஒரு வீட்டில் சாம்பார், இன்னொன்றில் பொரியல். ரசமும் தயிர்சாதமும் என் வீட்டில்.

முதல் இரண்டு மாதம் பொட்டலமாகக் கட்டிப் போனோம். வரிசையில் வந்து வாங்கினார்கள், கும்பிட்டார்கள், அவரவர் பாயில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்றாம் மாதம் பொட்டலம் கட்ட ஆள் இல்லை. பாத்திரங்களோடு போய்க் கூடத்தில் பந்தி போட்டோம். நாங்களும் நடுவே இலை போட்டு உட்கார்ந்தோம். அன்றுதான் ஒரு பாட்டி உள்ளங்கையைக் குவித்து நீட்டி, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றார். ஊற்றினேன். உறிஞ்சிக் குடித்துவிட்டு, "மிளகு பத்தலை" என்றார்.

பொட்டலத்தில் மறுசோறு கிடையாது. கொடுத்தவர்களிடம் குறை சொல்லவும் யாருக்கும் வாய் வராது. கேட்டு வாங்கவும் குறை சொல்லவும் முடிகிற இடம்தான் வீடு.

பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவும் வகுத்தது. சென்னையில் மாநகராட்சி, தொண்டு நிறுவனங்கள் மூலம் இந்தக் காப்பகங்களை நடத்துகிறது. கூரை கட்டாயம் வேண்டும். அதன் கீழே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மனிதர்களும் வேண்டும்.

போகப் போகச் சில பழக்கங்கள் படிந்தன. எத்தனை பேர் என்று பொறுப்பாளரிடம் முந்தின நாளே கேட்டுவிடுவோம். பல் இல்லாதவர்களுக்குச் சாதத்தைக் குழைய வடிப்போம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களைக் காக்க வைப்பதில்லை. தயிர்சாதத்தில் பாலைத் தாராளமாக விட்டு, தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்தால் வெயிலில் புளிக்காது. போட்டோ எடுப்பதே இல்லை. பிறந்தநாள், அமாவாசை, பண்டிகை என்றால் சாப்பாடு குவிகிறது; சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு ஆள் வருவதில்லை. உதவ நினைப்பவர்கள் அந்தச் செவ்வாயைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த மாதம் மிளகைக் கூடுதலாகத் தட்டிப் போட்டேன். பாட்டி ஒரு வாய் குடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். "எவ்வளவு நேரம் நிப்ப? உக்காந்து சாப்பிடு" என்று என் இலையில் ரசத்தை ஊற்றினார்.