கைக்கு வேலை, மனத்திற்கு ஓய்வு

தேர்வு நெருங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, படித்தது நினைவில் நிற்க மறுக்கிறது. பெற்றோரின் பணிமாறுதலால் வேற்றூருக்கு வந்த மாணவருக்கோ வகுப்பறையும் புதிது, நண்பர்களும் புதியவர்கள், சுற்றிலும் ஒலிக்கும் மொழியும் புதிது. இத்தகைய வேளைகளில் தோன்றும் மனஇறுக்கத்தையே மனஅழுத்தம் என்கிறோம். அது குறையன்று, கோழைத்தனமும் அன்று. இடர் வருவதாக மூளை உணரும்போது, உடல் தன்னைக் காத்துக்கொள்ள ஆயத்தமாகிறது. அதனால் இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, தோளும் கைகளும் இறுகுகின்றன. அவ்விறுக்கத்தைச் சற்றே தளர்த்தும் எளிய வழி ஒன்றை இப்பாடத்தில் அறிவோம். அதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.

கைகள் தரும் அமைதி

கவலை பெரும்பாலும் நாளை நடக்கப்போவதைப் பற்றியது. கைகளோ இப்போது தொடும் பொருளை மட்டுமே அறியும். ஒரு பொருளைப் பிசைந்தும் உருட்டியும் விளையாடும்போது, நம் கவனம் அதன் குளிர்ச்சியிலும் மென்மையிலும் பதிகிறது. சிறிது நேரமேனும் கவலையிலிருந்து விலகி நிற்க அது துணைசெய்கிறது. கையை இறுக்கிப் பின் தளர்த்தும்போது தசைகளும் இளகுகின்றன. ஆற்று மணலில் சிறுவீடு கட்டி விளையாடியதைப் பழந்தமிழர் ‘சிற்றில் இழைத்தல்’ என்றனர். ஈர மணலைக் குழைப்பதில் கிடைக்கும் அதே இன்பத்தை இன்று ‘ஸ்லைம்’ தருகிறது.

ஸ்லைம் என்பது யாது?

வழுவழுப்பும் கொழகொழப்பும் உடைய விளையாட்டுப் பொருளே ஸ்லைம். மேட்டல் என்னும் அமெரிக்க நிறுவனம் 1976ஆம் ஆண்டில் பச்சை நிற ஸ்லைமைக் குப்பைத்தொட்டி வடிவிலான சிறு டப்பாவில் அடைத்து விற்றது. அதன் முதன்மைப் பொருள் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்படும் பிசின் ஆகும். நாம் பொரியல் செய்து உண்ணும் அதே கொத்தவரைதான்! இராஜஸ்தானின் வறண்ட நிலங்களில் அது மிகுதியாக விளைகிறது.

இன்று பலர் பசையுடன் வெங்காரம் கலந்து வீட்டிலேயே ஸ்லைம் செய்கின்றனர். பசையில் உள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை வெங்காரம் ஒன்றோடொன்று பிணைத்து வலைபோல் ஆக்குகிறது. அவ்வலையில் நீர் சிக்கிக்கொள்ள, பசை ஸ்லைமாக மாறுகிறது. ஆயினும் வெங்காரம் தோலையும் கண்ணையும் உறுத்தக்கூடியது. விழுங்கினால் தீங்கு விளைவிப்பது. ஆதலால் அடுக்களைப் பொருள்களைக் கொண்டே ஸ்லைம் போன்ற ஒன்றை நாம் செய்வோம்.

செய்முறை

தேவையானவை: வெண்ணிறச் சோளமாவு 1 குவளை, தண்ணீர் அரைக் குவளை, அகன்ற கிண்ணம், பழைய செய்தித்தாள்.

கடைகளில் ‘கார்ன்ஃப்ளோர்’ என்னும் பெயரில் கிடைக்கும் வெள்ளை மாவையே வாங்குக. ரொட்டி சுடப் பயன்படும் மஞ்சள் நிற மக்காச்சோள மாவு இதற்கு ஏற்றதன்று. அது முழுத் தானியத்தை அரைத்த மாவு. நமக்கு வேண்டியதோ மாவுச்சத்து மட்டுமே.

1. மேசைமீது செய்தித்தாளை விரித்து, கிண்ணத்தில் மாவை இடுக.
2. தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, விரல்களால் மெல்லக் கலக்குக.
3. தட்டினால் கெட்டியாகவும், கையில் எடுத்தால் ஒழுகுவதாகவும் இருப்பின் பதம் சரி.
4. மிகவும் இளகிவிட்டால் மாவையும், இறுகிவிட்டால் தண்ணீரையும் சிறிதளவு சேர்க்க.

இனிக் கலவையை விரைந்து உருட்டிப் பாருங்கள், உருண்டை பிடிக்கும். கையை அசைக்காமல் விரித்து வையுங்கள், விரலிடுக்கில் வழிந்தோடும்.

ஏன் இப்படி?

நீரையோ எண்ணெயையோ மெல்லக் கலக்கினாலும் விரைந்து கலக்கினாலும் அதன் பாகுத்தன்மை மாறுவதில்லை. நீர்மங்களின் இவ்வியல்பை விளக்கியவர் ஐசக் நியூட்டன். நாம் செய்த கலவை அவர் கூறிய விதிக்கு உட்படாத பாய்மம் ஆகும். மாவுச்சத்தின் நுண்துகள்கள் அதில் நீருக்கிடையே நெருக்கமாக மிதக்கின்றன. மெல்ல அழுத்தினால் அவை ஒன்றையொன்று கடந்து நகர்கின்றன. திடீரெனத் தாக்கினாலோ விலக நேரமின்றி ஒன்றோடொன்று முட்டி நெருக்கிக்கொள்கின்றன. கலவையும் கல்போல் இறுகுகிறது. அவசரப்படுத்தினால் இறுகுவதும், பொறுமையாகக் கையாண்டால் இளகுவதும் நம் மனத்திற்கும் உரிய இயல்பன்றோ!

கவனத்தில் கொள்க

கலவையை உண்ணக் கூடாது. கையில் காயம் இருப்பின் தொடாதீர்கள். விளையாடி முடித்ததும் கைகளைக் கழுவுக. மூடி போட்ட டப்பாவில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் ஓரிரு நாள் பயன்படுத்தலாம். தீய மணம் வீசினால் எறிந்துவிடுக. கழுவுதொட்டியில் மட்டும் கொட்டாதீர்கள். மாவு அடியில் படிந்து குழாயை அடைத்துவிடும். உலரவிட்டுக் குப்பையில் சேர்ப்பதே முறை.

இது சிறு ஓய்வுக்கான வழியே அன்றி மருந்து அன்று. பத்து நிமிடம் கைக்கு வேலை கொடுத்தபின் படிப்புக்குத் திரும்பலாம். ஆனால் உறக்கமின்மை, பசியின்மை, ஓயாத அழுகை, எவருடனும் பேச விரும்பாமை ஆகியவை பல நாள் நீடித்தால், அதை மறைக்க வேண்டா. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மனம்விட்டுக் கூறுக. இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. அதில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். சிறாருக்கான உதவி எண் 1098. உதவி கேட்பது வலிமையின் அடையாளம்.

சொற்பொருள்

இடர் – துன்பம்
ஆயத்தம் – முன்னேற்பாடு
சிற்றில் – சிறு வீடு
அடுக்களை – சமையலறை
பாய்மம் – வழிந்தோடும் தன்மையுடைய பொருள்

விடையளிக்க

1. மனஅழுத்தத்தின்போது உடலில் தோன்றும் மாற்றங்கள் யாவை?
2. வெங்காரம் பசையை எவ்வாறு ஸ்லைமாக மாற்றுகிறது?
3. சோளமாவுக் கலவையை வேகமாகத் தட்டினால் இறுகுவது ஏன்?
4. மனஅழுத்தம் பல நாள் நீடித்தால் நீ யாரை அணுகுவாய்? ஏன்?

செயல்பாடு

உன் மனம் வாடியிருக்கும்போது உனக்கு அமைதி தரும் செயல் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக. அதனை வகுப்பில் படித்துக் காட்டுக.