குணமா, ரத்தக்குறைவா?



எரிச்சல், மறதி, காரணமில்லாத அழுகை, எந்நேரமும் அசதி... இதெல்லாம் ஒரு பெண்ணிடம் தென்பட்டால், "அவ குணமே அப்படித்தான்" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அது குணமா, ரத்தக்குறைவா என்று யாரும் யோசிப்பதில்லை.

என் நாத்தனார் விஷயத்தில் அதுதான் நடந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். பிள்ளைகள் சத்தம் போட்டால் அடித்துவிடுவாள். பிறகு தனியாக உட்கார்ந்து அழுவாள். புகுந்த வீட்டில், "சோம்பேறி, சிடுமூஞ்சி. கொஞ்ச நாள் நீங்களே வச்சுக்குங்க" என்று பிள்ளைகளோடு கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்திருந்தது. பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8 கிராம்! கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தாலே ரத்தசோகைதான்.

இது அவள் ஒருத்தி கதை இல்லை. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தெரியவந்தது. பாதிக்கு மேல்!

பல வீடுகளில் காரணம் சமையலறையிலேயே இருக்கிறது. மாதவிலக்கில் மாதாமாதம் இரும்புச்சத்து போகிறது. அதை ஈடுகட்ட வேண்டிய நாமோ, எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சம் மீதியைச் சாப்பிடுகிறோம். கீரையும் மீனும் மற்றவர் தட்டுக்குப் போய்விடும். நமக்கு ரசமும் ஊறுகாயும். போதாததற்கு, சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ! சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் டீயும் காபியும் இரும்புச்சத்து உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும். ரத்தம் குறைந்தால் உடம்புக்குப் பிராணவாயு சரியாகப் போகாது. அப்புறம் தெம்பு எங்கே, பொறுமை எங்கே?

டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, சில விஷயங்களும் சொன்னார். மாத்திரையைப் பால், டீ, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ரத்தம் ஏறிவிட்டது என்று உடனே நிறுத்தாமல், டாக்டர் சொல்லும்வரை சாப்பிட வேண்டும். முருங்கைக்கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் சத்து நன்றாக ஒட்டும். அசைவக்காரர்களுக்கு ஈரலும் மீனும் நல்லது. டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்க வேண்டும். குடற்புழு, அதிக உதிரப்போக்கு இருந்தால் அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டும்.

நாலு மாதத்தில் அவளுக்கு 11 கிராமைத் தாண்டியது. "பிள்ளைங்களை அடிச்சு ரொம்ப நாளாச்சு அண்ணி" என்று அவளே சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழைத்துப்போக அவள் வீட்டுக்காரர் வந்தபோது, பரிசோதனைச் சீட்டு இரண்டையும் அவர் கையில் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

எல்லா எரிச்சலுக்கும் ரத்தசோகை காரணமில்லை. ரத்தம் சரியாக இருந்தும் மனசு சோர்ந்தே கிடந்தால், அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லலாம். ஆனால் ஒரு பெண்ணுக்குப் பட்டம் கட்டுமுன் ரத்தத்தைப் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்தான். இன்று ராத்திரியே, பரிமாறும்போது உங்கள் தட்டிலும் முதலிலேயே கொஞ்சம் கீரையை எடுத்துவையுங்களேன்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.