பாஸ்வேர்டு சரி... கதவு ஏன் திறக்கலை?

பாஸ்வேர்டை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் டைப் செய்கிறீர்கள். 'லாகின்' பட்டனைத் தட்டினால், பக்கம் ஒரு தடவை கண்சிமிட்டிவிட்டு மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது. "மறந்துட்டியா?" என்று அண்ணன் வேறு கிண்டல் செய்வான். ரோஷத்தில் பத்து தடவை தட்டிப் பார்க்காதீர்கள். யாரோ திருடன் நுழையப் பார்க்கிறான் என்று நினைத்து, சில தளங்கள் உங்கள் கணக்கையே பூட்டிவிடும்!

இதற்கு ஒரு காரணம், பிரவுசரின் சேமிப்புப் பழக்கம். ஒருமுறை பார்த்த பக்கத்தின் படங்களையும் கோப்புகளையும் அது கம்ப்யூட்டரிலேயே எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை எங்கோ இருக்கும் சர்வரிடம் கேட்காமல், கையில் இருப்பதைக் காட்டிவிடும். வேகமோ வேகம்! இந்தச் சேமிப்புக்குப் பெயர் 'கேச்'. 'ஒளித்து வைப்பது' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

லாகின் பக்கத்தில்தான் வம்பு. பல தளங்கள் அந்தப் பக்கத்துக்குள், நம் கண்ணில் படாத ஒரு ரகசிய எண்ணை வைத்து அனுப்பும். பாஸ்வேர்டோடு அதுவும் திரும்பிப் போகவேண்டும். பிரவுசர் பழைய பக்கத்தை நீட்டினால், பழைய எண்தான் போகும். நேற்றைய பஸ் டிக்கெட்டைக் காட்டினால் கண்டக்டர் விடுவாரா?

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், கன்ட்ரோல் விசையோடு எஃப்5 விசையை அழுத்துங்கள். புதுப் பக்கம் வரும். அப்போதும் மசியவில்லையா? 'இன்காக்னிட்டோ' ஜன்னலைத் திறந்து முயலுங்கள். அதில் பழைய சேமிப்பு எதுவும் இருக்காது. அங்கே கதவு திறந்தால், கோளாறு சேமிப்பில்தான் என்று பிடித்துவிடலாம்.

பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சுத்தம் செய்யும் பட்டியல் வரும். அவசரப்படாதீர்கள்! முதலில் கேச் கோப்புகளை மட்டும் 'டிக்' செய்யுங்கள். அதிலும் சரியாகாவிட்டால்தான் 'குக்கி'. உள்ளே வந்திருப்பது நீங்கள்தான் என்று தளத்துக்கு அடையாளம் காட்டும் சிறு குறிப்பு இது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி உருவாக்கியது. இதை அழித்தால் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியே வந்துவிடுவீர்கள். பிரவுசரில் விளையாடும் சில கேம்களில் நீங்கள் தாண்டிய லெவல்களும் கூடவே போய்விடும். அப்பா, அம்மாவின் கம்ப்யூட்டர் என்றால் கட்டாயம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பிரவுசிங் சென்டரில் 'லாக் அவுட்' செய்ததும் 'பேக்' பட்டனைத் தட்டிப் பாருங்கள். சில தளங்களில் உங்கள் பக்கம் அப்படியே எட்டிப் பார்க்கும். அடுத்து உட்காருபவரும் அதைப் பார்க்கலாமே! பிரவுசர் ஜன்னல்கள் அனைத்தையும் மூடிவிட்டு எழுந்திருங்கள்.