ரெட்டை காத்துல பிடிங்க: ஒரு கேரம் போர்டும் சிவப்பு–சயான் கண்ணாடியும்

இன்னிக்கு எபிசோடை எங்க வீட்டு ஹாலில் இருந்து ஆரம்பிக்கிறேன். பிளெண்டரில் ஒரு கேரம் போர்டு படம் செஞ்சிருந்தேன். போர்டுல இருந்து ரெட் காய் எகிறி நம்ம மூஞ்சிக்கு நேரா பறந்து வர்ற மாதிரி. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் சயான், அதாவது பச்சையும் நீலமும் கலந்த நிறம், இப்படி ஒரு பேப்பர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு லேப்டாப்ல பார்க்கணும். "ரெட்டை விரலால பிடிங்க"ன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அம்மா ஸ்கிரீனுக்கு ஒரு ஜாண் முன்னாடி காத்தைப் பிடிச்சாங்க. அக்காவும் அதே இடத்துலதான். அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு. அவ நேரா போய் ஸ்கிரீன் மேல விரலை வெச்சா. "மாமா, இது சும்மா படம்தானே?"ன்னு கேட்டா.

எல்லாரும் சிரிச்சோம். அப்போ எனக்கும் புரியலை. அதுக்குக் கடைசியில வர்றேன். முதல்ல அந்தப் படத்தை எப்படிச் செய்யறதுன்னு பார்ப்போம்.

ஆழம் எங்க இருக்கு?

நம்ம ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சுமாரா ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அதனால ரெண்டு கண்ணும் ஒரே காட்சியைக் கொஞ்சம் வேற வேற கோணத்துல பார்க்குது. சோதிச்சுப் பாருங்க. கட்டை விரலை மூக்குக்கு நேரா நீட்டி, ஒரு கண்ணை மாத்தி ஒரு கண்ணை மூடுங்க. விரல் இடமும் வலமும் குதிக்கும், பின்னாடி இருக்கிற சுவர் அவ்வளவா நகராது. இந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் மூளை "இது கிட்ட, அது தூரம்"னு கணக்குப் போடுது.

1838-ல சார்ல்ஸ் வீட்ஸ்டன் இதைச் செஞ்சே காட்டினார். ரெண்டு கண்ணாடிகளை வெச்சு, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி கோட்டோவியத்தைக் காட்டினார். தட்டையான ரெண்டு படம், தலைக்குள்ள ஒரு முழு உருவமா எழுந்து நின்னுச்சு. 1853-ல வில்ஹெல்ம் ரோல்மன் ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெவ்வேற நிறத்துல வரைஞ்சு, நிறக் கண்ணாடியால பிரிச்சுப் பார்க்கலாம்னு விவரிச்சார். இதுக்குப் பேர்தான் அனாகிளிஃப்.

இது ஏதோ பழைய வித்தைன்னு நினைக்காதீங்க. 2023 செப்டம்பர்ல இஸ்ரோ, நிலாவுல நிற்கிற விக்ரம் லேண்டரோட அனாகிளிஃப் ஒண்ணை வெளியிட்டாங்க. பிரக்யான் ரோவரோட நேவிகேஷன் கேமராவுல எடுத்த இடது படம் சிவப்பு சேனல்ல, வலது படம் பச்சை, நீல சேனல்கள்ல. அவ்வளவுதான் சூத்திரம். நாமும் அதையேதான் செய்யப் போறோம்.

போன்ல ரெண்டு போட்டோ போதும்

முதல்ல சுலபமான வழி. ஒரே இடத்துல நின்னு, உடம்பு எடையை இடது கால்ல போட்டு ஒரு போட்டோ. அப்படியே வலது காலுக்குச் சாய்ஞ்சு இன்னொரு போட்டோ. போனைத் திருப்பாதீங்க, ஏத்தி இறக்காதீங்க, பக்கவாட்டுல நகர்ந்தா மட்டும் போதும். இலை ஆடுற மரம், ஓடுற பஸ் எல்லாம் வேண்டாம். ரெண்டு போட்டோவுக்கும் நடுவுல அதுங்க நகர்ந்துடும், மூளை குழம்பிடும்.

அப்புறம் இலவச மென்பொருளான கிம்ப்ல ரெண்டையும் திறந்து, கலர்ஸ் மெனுவுல காம்போனன்ட்ஸ், டீகம்போஸ் கொடுத்தா, ஒவ்வொரு படமும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு கறுப்பு–வெள்ளைப் படமா பிரியும். இப்போ கம்போஸ் கொடுத்து, சிவப்பை இடது படத்துல இருந்தும், பச்சையையும் நீலத்தையும் வலது படத்துல இருந்தும் எடுத்துச் சேர்த்துடுங்க. சிவப்புக் கண்ணாடி இடது கண்ணுக்கு. ரெண்டு படத்தையும் மாத்திப் போட்டுட்டா கிட்ட இருக்கிறது தூரமாவும் தூரத்துல இருக்கிறது கிட்டயும் வந்து, மூஞ்சி முகமூடியோட உட்பக்கம் மாதிரி குழிஞ்சு தெரியும். அப்படித் தெரிஞ்சா பயப்படாதீங்க, சேனலை மாத்துங்க.

பிளெண்டரில் ரெண்டு கேமரா

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ்ல ஒரு பெரிய வசதி, கால் மாத்தி நிற்க வேண்டாம். பிளெண்டர்ல 2015-ல வந்த 2.75 பதிப்புல இருந்தே இது உள்ளேயே இருக்கு. அவுட்புட் ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்டீரியோஸ்கோபியை டிக் பண்ணுங்க. உங்க ஒரே கேமரா இப்போ இடது, வலதுன்னு ரெண்டா வேலை செய்யும். சேவ் பண்ற இடத்துல ஸ்டீரியோ 3டி, அனாகிளிஃப், ரெட்–சயான்னு தேர்ந்தெடுத்தா, ரெண்டு ரெண்டரையும் அதுவே கலந்து கொடுத்துடும்.

இங்கதான் நான் மாட்டினேன். டிக் பண்ணேன், ரெண்டர் பண்ணேன், நண்பர்களுக்கு அனுப்பினேன். எல்லாரும் சொன்ன பதில் ஒண்ணுதான்: "தலை வலிக்குதுடா."

காரணம், கேமரா செட்டிங்ல இருக்கிற ரெண்டு எண்.

முதல் எண் இன்டர்ஆக்குலர் டிஸ்டன்ஸ். ரெண்டு கேமராவுக்கும் நடுவுல உள்ள இடைவெளி. பிளெண்டர் தானா வெச்சுக்கிறது 0.065 மீட்டர், மனுஷக் கண் இடைவெளி. ரெண்டாவது கன்வர்ஜன்ஸ் பிளேன் டிஸ்டன்ஸ். எந்தத் தூரத்துல இருக்கிற பொருள் சரியா ஸ்கிரீன் மேலேயே இருக்கிற மாதிரி தெரியணும்கிறது. தானா இருக்கிறது 1.95 மீட்டர். அதைவிடக் கிட்ட இருக்கிறது வெளியே வரும், தூரத்துல இருக்கிறது உள்ளே போகும்.

1.95-ஐ 0.065-ஆல வகுத்துப் பாருங்க. 30. போட்டோக்காரங்க ரொம்ப நாளா வெச்சிருக்கிற கைக்கணக்கும் இதே 30 தான்: மிகக் கிட்ட இருக்கிற பொருளோட தூரத்துல முப்பதுல ஒரு பங்கு, கேமரா இடைவெளி. என் படத்துல பறந்து வர்ற ரெட் 60 சென்டிமீட்டர் தூரத்துல இருந்துச்சு. அப்போ இடைவெளி 2 சென்டிமீட்டர்தான் இருக்கணும். நான் ஆறரையில விட்டிருந்தேன். கன்வர்ஜன்ஸும் போர்டுக்கு ஒரு மீட்டர் பின்னாடி. போர்டு முழுக்க மூக்குக்கு முன்னாடி வந்து, காய் எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சது. 0.02-ன்னு மாத்தி, கன்வர்ஜன்ஸை போர்டு நடுவுக்கு, 90 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தேன். போர்டு மேஜை மேல உட்கார்ந்துச்சு, ரெட் மட்டும் எழும்புச்சு.

இடைவெளியை வேணும்னே கூட்டறதும் உண்டு. செவ்வாயில ஓடுற கியூரியாசிட்டி ரோவரோட நேவிகேஷன் கேமராக்களுக்கு நடுவுல 42 சென்டிமீட்டர். தூரத்து மேடு பள்ளம் தெளிவா தெரியணுமே. ஆனா நாம அளவில்லாம கூட்டினா, மலைகூட மேஜை மேல வெச்ச பொம்மை மாதிரி சின்னதா தெரியும்.

அதே பேனல்ல ஆஃப்-ஆக்ஸிஸ், பேரலல், டோ-இன்னு மூணு முறை இருக்கும். டோ-இன்ல ரெண்டு கேமராவும் மாறுகண் மாதிரி உள்பக்கம் திரும்பும். நம்ம கண்ணும் அப்படித்தானே திரும்புதுன்னு தோணும். ஆனா அதுல ஒரு படத்தோட இடது ஓரம் உயரமாவும் இன்னொண்ணோட வலது ஓரம் உயரமாவும் வரும். ஒரே புள்ளி ஒரு கண்ணுக்கு மேலயும் ஒரு கண்ணுக்குக் கீழயும் போகும். ஒரு கண்ணை மட்டும் மேலே தூக்குற பழக்கம் நமக்குக் கிடையாது, அதனால வலிக்கும். ஆஃப்-ஆக்ஸிஸ்ல கேமரா ரெண்டும் நேரா பார்க்கும், சட்டம் மட்டும் பக்கவாட்டுல நகரும். அதையே வைங்க.

ரெட்தான் பிரச்சினை

கேரம்ல ரெட் போட்டா ஃபாலோ போடணும். எனக்கும் அதே கதை. ஆழம் சரியான பிறகும் ரெட் மட்டும் மினுமினுன்னு துடிச்சது. யோசிச்சா புரியும். சுத்தமான சிவப்பு, சிவப்புக் கண்ணாடி வழியா பளீர்னு தெரியும். சயான் கண்ணாடி வழியா கறுப்பு. ஒரு கண் வெள்ளைங்குது, ஒரு கண் கறுப்புங்குது, மூளை முடிவெடுக்க முடியாம ரெண்டுக்கும் நடுவுல அல்லாடுது. என் படத்தோட கதாநாயகனே சிவப்பு!

ரெண்டு வழி இருக்கு. முழுப் படத்தையும் கறுப்பு–வெள்ளையாக்கி அனாகிளிஃப் செய்யலாம், ஆழம் ரொம்ப சுத்தமா வரும். இல்லைன்னா சிவப்புல கொஞ்சம் பச்சையும் நீலமும் கலந்து மங்கலாக்கலாம். நான் ரெட்டை கொஞ்சம் செங்கல் நிறத்துக்குக் கொண்டு வந்தேன். துடிப்பு நின்னுச்சு.

சின்னச் சின்ன விஷயம் இன்னும் மூணு:

படத்தை ஜேபெக்ல சேமிக்காதீங்க. அது இடம் மிச்சம் பிடிக்க நிற விவரத்தைக் குறைக்கும். நம்ம ரெண்டு படமும் நிறத்துலதானே ஒளிஞ்சிருக்கு, ஒண்ணோட ஒண்ணு கலங்கிடும். பிஎன்ஜி நல்லது.

வெளியே வர்ற பொருளை சட்டத்தோட ஓரம் வெட்டக் கூடாது. ஜன்னலுக்கு முன்னாடி இருக்கிற பொருளை ஜன்னல் எப்படி மறைக்கும்னு மூளை கேள்வி கேட்கும். அதனாலதான் போர்டோட முன் விளிம்பு முழுசா தெரியற மாதிரி கேமராவை வெச்சேன்.

லேப்டாப்ல நல்லா இருந்த படத்தை புரொஜெக்டர்ல போடறதுக்கு முன்னாடி யோசிங்க. தூரத்துச் சுவரோட ரெண்டு பிம்பமும் பட அகலத்துல 2 சதவீதம் விலகி இருக்குன்னு வைங்க. 35 சென்டிமீட்டர் ஸ்கிரீன்ல அது 7 மில்லிமீட்டர். 4 மீட்டர் திரையில 8 சென்டிமீட்டர். கண் இடைவெளியைவிட அதிகம். அப்போ ரெண்டு கண்ணும் வெளிப்பக்கமா விரியணும், அது நம்ம கண்ணுக்குப் பழக்கமே இல்லாத வேலை.

விரல் ஏன் ஸ்கிரீன்ல பட்டுச்சு?

இப்போ அக்கா பொண்ணுகிட்ட வர்றேன். எல்லா எண்ணும் சரி, எல்லாருக்கும் ரெட் பறந்துச்சு, அவளுக்கு மட்டும் இல்லை. குழந்தை விளையாடுதுன்னு விட்டுட்டோம். ரெண்டு நாள் கழிச்சு திரும்பக் காட்டினேன். திரும்பவும் ஸ்கிரீன். ஒரு கண்ணை மூடச் சொல்லி, "இப்போ?"ன்னு கேட்டேன். "அதேதான் மாமா." இன்னொரு கண்ணை மூடச் சொன்னப்போ, "ஐயோ, ஒண்ணும் சரியா தெரியலை"ன்னா. அதை அவ அவ்வளவு சாதாரணமா சொன்னா. எல்லாருக்கும் ஒரு கண் அப்படித்தான்னு நினைச்சிருக்கா.

அக்கா கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு கண்ணுக்கும் பவர்ல பெரிய வித்தியாசம். மங்கலான கண் கொடுக்கிற படத்தை மூளை ஒதுக்கப் பழகிடுச்சு. சோம்பேறிக் கண்ணுன்னு சொல்றது இதைத்தான். அங்கேயும் அவளுக்கு ஒரு கலர் கண்ணாடி போட்டு, வெறும் புள்ளியா இருக்கிற ஒரு புத்தகத்தைக் காட்டியிருக்காங்க. ரெண்டு கண்ணும் சேர்ந்து வேலை செஞ்சாத்தான் புள்ளிக்குள்ள உருவம் தெரியும். அதுவும் அனாகிளிஃப்தான்.

இப்போ அவளுக்குக் கண்ணாடி, தினமும் கொஞ்ச நேரம் நல்லா தெரியற கண்ணுக்குப் பேட்ச். சின்ன வயசுல கண்டுபிடிச்சா பலன் அதிகம்னு டாக்டர் சொன்னாராம். பேட்ச்னாலே அழறா. மாமா படம்தான் இதுக்குக் காரணம்னு என் மேல கோபமும் இருக்கு.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். என் கேரம் படம் கண் பரிசோதனை இல்லை. ஒருத்தருக்கு 3டி தெரியலைன்னா நம்ம எண் தப்பா இருக்கலாம், கண்ணாடித் தாள் மட்டமா இருக்கலாம். ஆனா மத்த எல்லாருக்கும் தெரிஞ்சு ஒரு குழந்தைக்கு மட்டும் தெரியலைன்னா, சிரிச்சுட்டு விடாதீங்க. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

இத்தனை நாள் நான் ஆழத்தைப் படத்துக்குள்ள வைக்கிறேன்னு நினைச்சேன். ஃபைல்ல இருக்கிறது சிவப்பும் சயானுமா ரெண்டு தட்டைப் படம்தான். மீதி வேலையைச் செய்யறது பார்க்கிறவங்களோட ரெண்டு கண்ணும். அதனால இப்போ 0.02-ன்னு டைப் பண்றப்போ, யாரோட கண்ணுக்கோ வேலை சொல்றோம்னு ஞாபகம் வருது.

வீட்டுப்பாடம்: சமையல்கட்டு மேடையில மூணு டம்ளரை முன்னும் பின்னுமா வெச்சு, கால் மாத்தி ரெண்டு போட்டோ எடுங்க, கிம்ப்ல சேருங்க. வீட்டுல எல்லாரையும் முன்னாடி டம்ளரை விரலால பிடிக்கச் சொல்லுங்க. யார் விரல் எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.