கிச்சுக் கிச்சு மூட்டினால் சிரிப்பு வருவது ஏன்?

உங்கள் வலக்கை விரல்களை இடது அக்குளில் நுழைத்து, நீங்களே கிச்சுக் கிச்சு மூட்டிப் பாருங்கள். சிரிப்பு வருகிறதா? வராது. ஆனால் உங்கள் தம்பி விரல்களை நெளித்துக்கொண்டு அருகில் வந்தால் போதும். தொடுவதற்கு முன்பே உடம்பு குறுகிவிடும். தோல் அதே தோல்தான். நரம்பும் அதே நரம்புதான். அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். கழுத்தில் எறும்பு ஊர்ந்தாலோ, இறகு பட்டாலோ ஏற்படுவது வெறும் குறுகுறுப்பு. அதனால் சொறியத் தோன்றுமே தவிரச் சிரிப்பு வராது. அக்குள், விலா, உள்ளங்கால் ஆகிய இடங்களில் சற்று அழுத்தித் திரும்பத் திரும்பத் தொடும்போதுதான் சிரிப்பு பீறிடுகிறது. 1897ஆம் ஆண்டில் ஸ்டான்லி ஹால், ஆர்தர் ஆலின் என்ற இரு அமெரிக்க உளவியலார் முன்னதற்கு ‘நிஸ்மெசிஸ்’ என்றும், பின்னதற்குக் ‘கார்கலெசிஸ்’ என்றும் பெயர் சூட்டினர். பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் கவலை வேண்டாம். குறுகுறுப்பு, கிச்சுக் கிச்சு என்னும் நம் சொற்களே போதும்.

இனி, நம் கையால் நமக்கு ஏன் சிரிப்பு வருவதில்லை என்று பார்ப்போம். நான் இயற்பியல் கற்பிப்பவன். நரம்புகள் என் துறையல்ல. ஆயினும் இதில் ஓர் அழகான கழித்தல் கணக்கு ஒளிந்திருக்கிறது. கையை அசைக்குமாறு மூளை தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. அதே நேரத்தில், அந்த அசைவால் எந்த இடத்தில், எப்போது, எத்தகைய உணர்ச்சி ஏற்படும் என்பதையும் முன்கூட்டியே கணித்து வைத்துக்கொள்கிறது. தோலிலிருந்து செய்தி வந்து சேர்ந்ததும், கணித்த அளவை அதிலிருந்து கழித்துவிடுகிறது. மிஞ்சுவது மிகக் குறைவு.

இக்கணக்கை நீங்களே சோதிக்கலாம். தலையை அசைக்காமல் கண்களை மட்டும் இடமும் வலமும் திருப்புங்கள். அறை அசையாமல் நிற்கிறது. இப்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் வெளி ஓரத்தை இமையின் மேலாக விரலால் மிக மெதுவாகத் தள்ளுங்கள். அறையே நகர்வதுபோலத் தோன்றும்! கண்ணைத் திருப்பும் தசைகளுக்குக் கட்டளை போகவில்லை. ஆகவே மூளையிடம் கணிப்பும் இல்லை, கழித்தலும் இல்லை.

கிச்சுக் கிச்சும் இப்படித்தானா? 1999ஆம் ஆண்டில் லண்டனில் சாரா பிளேக்மோரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் எந்திரக் கையை வைத்து இதனைச் சோதித்தனர். ஒருவர் இடக்கையால் ஒரு பிடியை அசைப்பார். எந்திரம் அதே அசைவை ஒரு பஞ்சுத் துண்டுக்குக் கொடுத்து, அவருடைய வலது உள்ளங்கையை வருடும். உடனுக்குடன் வருடினால் கூச்சம் குறைவாக இருந்தது. பிறகு எந்திரத்தைச் சிறிது தாமதிக்கச் செய்தனர், 0.1 விநாடி, 0.2 விநாடி என்ற அளவில்தான்! தாமதம் கூடக் கூடக் கூச்சமும் கூடியது. அசைத்தது தம் கைதான் என்று அவருக்குத் தெரியும். ஆயினும் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு பிசகினாலே மூளையின் கணிப்பு பொய்த்துப் போகிறது. இந்தக் கணிப்பில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு என்பதை இக்குழுவினர் 1998லேயே மூளையைப் படம் பிடித்துக் காட்டியிருந்தனர்.

சரி, கூச்சம் வருவது புரிகிறது. சிரிப்பு எதற்கு? பிறர் சிரிப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கமா? கிளாரன்ஸ் லூபா என்ற அமெரிக்க உளவியலார் இதைத் தம் சொந்தக் குழந்தைகளிடமே சோதித்தார். முகமூடி அணிந்து, தாம் சிரிக்காமல் கிச்சுக் கிச்சு மூட்டினார். சோதனை நேரம் தவிர மற்றப்படி குழந்தைக்கு யாரும் சிரித்துக்கொண்டே கிச்சுக் கிச்சு மூட்டக் கூடாது என்பது வீட்டு விதி. (தாயார் ஒருநாள் மறந்துபோய் விதியை மீறிவிட்டாராம், தாய்மார் வேறென்ன செய்வார்கள்!) அப்படியும் குழந்தைகள் சிரிக்கவே செய்தனர். ஆகவே இது கற்ற வித்தையன்று.

நகைச்சுவையைக் கேட்டுச் சிரிப்பதுபோன்றதும் அன்று. கிச்சுக் கிச்சு மூட்டப்படுபவர் சிரித்துக்கொண்டே உடம்பை முறுக்குகிறார், கையைத் தட்டிவிடுகிறார், ‘போதும், விடு’ என்று கெஞ்சுகிறார். கழுத்து, விலா, வயிறு ஆகியவை சண்டையில் எளிதில் அடிபடும் இடங்கள். விளையாட்டுச் சண்டையில் குட்டிகள் இவ்விடங்களைக் காத்துக்கொள்ளப் பழகுகின்றன என்றும், ‘இது விளையாட்டுத்தான்’ என்று எதிராளிக்கு அறிவிக்கும் ஒலியே சிரிப்பு என்றும் அறிஞர் பலர் கருதுகின்றனர். சிம்பன்சிக் குட்டிகளும் கிச்சுக் கிச்சு மூட்டினால் மூச்சிரைப்பது போன்ற ஒலியில் சிரிக்கின்றன. இதில் ஒரு சங்கடம் இருப்பதைக் கவனியுங்கள். உடல் ‘நிறுத்து’ என்கிறது; சிரிப்போ ‘தொடரலாம்’ என்று சொல்வதுபோல் ஒலிக்கிறது. தங்கையைப் பிடித்து வைத்துக் கிச்சுக் கிச்சு மூட்டும் அண்ணன், ‘அவள்தான் சிரிக்கிறாளே’ என்பான். அந்தச் சிரிப்பு அவள் விருப்பத்தைக் கேட்டு வருவதன்று. ‘விடு’ என்ற சொல்தான் அவளுடையது.

ஆனால் யார் தொட்டாலும் இச்சிரிப்பு வந்துவிடுவதில்லை. முன்பின் தெரியாதவர் கிச்சுக் கிச்சு மூட்டினால் குழந்தை அச்சத்தால் அலறும் என்று டார்வின் 1872லேயே எழுதினார். இதற்குச் சான்று எலிகளிடம் கிடைத்தது. நம் காது விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். எலிகளை விலாவிலும் வயிற்றிலும் கிச்சுக் கிச்சு மூட்டினால், விநாடிக்கு 50,000 அதிர்வுகள் அளவிலான மீயொலியில் அவை கீச்சிடுகின்றன என்பதை யாக் பாங்செப் 1990களின் இறுதியில் கண்டறிந்தார். கையை எடுத்துவிட்டால் அவை கையைத் துரத்தி வரும்! 2016ஆம் ஆண்டில் பெர்லினில் இஷியாமா, பிரெக்ட் ஆகிய இருவரும் எலி மூளையில் இதற்குரிய பகுதியைக் கண்டனர். தொடாமலேயே அப்பகுதியை மின்னோட்டத்தால் தூண்டியபோதும் எலிகள் கீச்சிட்டன. பின்னர் அதே எலிகளை உயரமான ஒரு மேடையில், கண் கூசும் வெளிச்சத்தில் வைத்து விலாவைத் தொட்டனர். அஞ்சிய எலிகளிடமிருந்து அந்த ஒலி ஏறக்குறைய நின்றே போயிற்று. மூளையின் அப்பகுதியும் அடங்கிவிட்டது.